குழந்தையைப் படுக்க வைப்பது எப்படி: நேரக் கணக்கு முதல் விளக்கணைப்பது வரை

சாப்பிடும்போதே கண் சொருகிய குழந்தை, படுக்கையறைக்குள் நுழைந்ததும் கட்டிலில் ஏறிக் குதிக்கிறது. விளக்கை அணைத்தால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொடுத்தால் ஒன்னுக்குப் போக வேண்டும். போய் வந்தால் பொம்மையைக் காணோம், போர்வை குத்துகிறது, இன்னொரு கதை சொல்ல வேண்டும். கடைசியில் கதை சொன்னவர் தூங்கிவிடுவார், கேட்டவர் முழித்துக்கொண்டிருப்பார்.

தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. பெரியவர்களுக்கே முடியாதது, குழந்தைக்கு எப்படி முடியும்? நம் கையில் இருப்பவை வேறு. தூக்கம் எப்போது வரும் என்று கண்டுபிடிக்கலாம், அந்த நேரத்துக்குக் குழந்தையை அமைதியாகப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அப்புறம் குறுக்கே நிற்காமல் இருக்கலாம். இந்த மூன்றில் முதலாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கதை, பாட்டு, தட்டிக்கொடுப்பது, மிரட்டல், கெஞ்சல் எல்லாம் முயன்று அலுத்த வீடுகளில் கோளாறு பெரும்பாலும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கேயும் நேரத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கீழே உள்ளவை பெரும்பாலும் 1 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு. கைக்குழந்தைகளுக்கான விதிகள் வேறு, அவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறித்து வையுங்கள்

காலை எத்தனை மணிக்கு விழித்தது, பகல் தூக்கம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இரவு எப்போது படுக்க வைத்தீர்கள், உண்மையில் எப்போது தூங்கியது, இடையில் எத்தனை முறை எழுந்தது. இந்த ஐந்தும் போதும். படுத்த நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் தனித்தனியாக எழுதுவது முக்கியம். "எட்டு மணிக்கே படுக்க வைத்துவிடுவோம்" என்று சொல்லும் வீட்டில் குழந்தை தூங்குவது ஒன்பதரைக்கு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

ஞாபகத்தை நம்ப வேண்டாம். மோசமாகப் போன இரவு மட்டுமே மனதில் தங்கும்.

படி 2: என் குழந்தைக்கு எத்தனை மணி நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 1 முதல் 2 வயது வரை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 4 வயது வரை 10 முதல் 13 மணி நேரம். 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12 முதல் 16 மணி நேரம். இவை எல்லாமே பகல் தூக்கத்தையும் சேர்த்த கணக்கு. இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டரை வயதுக் குழந்தை. காலை 7 மணிக்கு எழுகிறது, மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறது. அதன் மொத்தத் தேவை 12 மணி நேரம் என்றால் இரவுக்கு மிச்சம் 10. காலை 7இலிருந்து பின்னோக்கி எண்ணினால் இரவு 9. இந்தக் குழந்தையை 7.30க்கே படுக்க வைத்தால் ஒன்றரை மணி நேரம் போராட்டம் நடக்கும். அது அடம் பிடிக்கிறது என்று நாம் நினைப்போம், ஆனால் அதற்குத் தூக்கமே வந்திருக்காது.

அதே வயதில் ஒரு குழந்தைக்கு 11 மணி நேரம் போதும், இன்னொன்றுக்கு 14 வேண்டும். உங்கள் குழந்தையின் எண் எது என்பதை நீங்கள் எழுதி வைத்த ஒரு வாரக் குறிப்பின் சராசரி ஓரளவு காட்டிவிடும். பகலில் கலகலப்பாக இருக்கிறது, காலையில் தானாக எழுகிறது என்றால் தூக்கம் போதுகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழு மணிக்கே தூங்கிவிடுகிறதாம் என்ற செய்தியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

படி 3: தூக்கம் வரும் நேரத்தைப் பிடியுங்கள்

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் ஆள்கின்றன. ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேரச் சேர, தூங்க வேண்டும் என்ற உந்துதல் கூடிக்கொண்டே போகும். தூங்கினால் அது கரையும். மற்றொன்று உடலுக்குள் ஓடும் கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்வது அதுதான். இந்த இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் தூக்கம் எளிதாக வரும் என்ற விளக்கத்தை அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982இல் முன்வைத்தார். தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மெலடோனின் ஏறுவதற்குச் சற்று முன்பான நேரத்தில் உடல் கடிகாரம் நம்மை மிக விழிப்பாக வைத்திருக்கிறது. குழந்தை ராத்திரியில் திடீரென்று புதுத் தெம்பு வந்தாற்போல் ஓடி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இரண்டரை வயதைத் தாண்டிய 14 குழந்தைகளை வைத்து 2013இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக இரவு 7.40 வாக்கில் மெலடோனின் ஏறத் தொடங்கியது. அந்த ஏற்றத்துக்கு மிக நெருக்கமாகப் படுக்க வைக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தூக்கம் வரக் கூடுதல் நேரம் பிடித்தது, அடமும் அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வீடுகளில் நாம் பார்ப்பதோடு நன்றாகப் பொருந்துகிறது.

சரி, மெலடோனினை வீட்டில் அளக்க முடியாதே? அளக்கத் தேவையில்லை. குழந்தை நிஜமாகத் தூங்கும் நேரத்தைப் பார்த்தாலே போதும்.

உங்கள் குறிப்பில் குழந்தை சராசரியாக 9.30க்குத் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றிலிருந்து படுக்கும் நேரத்தை 9.30 ஆக்குங்கள். ஆம், தள்ளிப்போடச் சொல்கிறேன். 8 மணிக்குப் படுக்க வைத்து ஒன்றரை மணி நேரம் போராடுவதற்குப் பதிலாக, 9 மணிக்கு மெதுவாகத் தயார்செய்து 9.30க்கு விளக்கை அணையுங்கள். படுத்தால் தூக்கம் வரும் என்ற பழக்கம் முதலில் திரும்பட்டும். 15, 20 நிமிடத்துக்குள் தூங்குவது தொடர்ந்து மூன்று இரவு நடந்தால், நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். 9.15. மறுபடி மூன்று இரவு. பிறகு 9. நீங்கள் விரும்பும் நேரம் வரும்வரை, அல்லது குழந்தை மறுபடி புரளத் தொடங்கும்வரை இப்படியே போகலாம். புரளத் தொடங்கினால் அதற்கு முந்தைய நேரம்தான் அதன் இயல்பான நேரம், அங்கேயே நில்லுங்கள்.

இந்த முறை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. காலையில் எழுப்பும் நேரம் மாறக் கூடாது. இரவு தாமதமாகத் தூங்கியது, பாவம், இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று விட்டால் அன்றிரவும் தூக்கம் தாமதமாகத்தான் வரும். விடுமுறை நாளிலும் அரை மணிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். எழுந்ததும் திரையை விலக்கிவிட்டு வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், ராத்திரி வெளிச்சம் பின்னே தள்ளும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. சில குழந்தைகள் தூக்கம் வராமல் அல்ல, தூக்கம் மிஞ்சிப்போய் ஆட்டம் போடுவார்கள். இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கஷ்டமில்லை. தூக்கம் வராத குழந்தை படுக்கையில் சந்தோஷமாக இருக்கும், பேசும், பாடும், காலைத் தூக்கி விளையாடும். களைப்பு மிஞ்சிய குழந்தை சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைந்து அழும், கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடும், கடிக்கும் அடிக்கும், பிறகு பேச்சின் நடுவிலேயே பொத்தென்று தூங்கிவிடும். மறுநாள் காலை எழுப்பினாலும் எழாது, வண்டியில் ஏறியதும் தலை சாயும். இந்த வகைக் குழந்தைக்குப் படுக்கும் நேரத்தை அரை மணி முன்னே கொண்டுவர வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

படி 4: பகல் தூக்கம்

பகல் தூக்கம் குறைந்தால் இரவு நன்றாகத் தூங்கும் என்பது பாதி உண்மை. ஒன்றரை வயதுக் குழந்தையின் பகல் தூக்கத்தைப் பறித்தால் மேலே சொன்ன களைப்புக் கூத்துதான் நடக்கும். பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில்தான் பகல் தூக்கத்தை விடுகிறார்கள்.

நீளத்தைவிட முடியும் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மாலை ஐந்து மணிவரை தூங்கிய குழந்தைக்கு எட்டரைக்குத் தூக்க அழுத்தம் சேர்ந்திருக்காது. இரண்டு, மூன்று வயதில் பகல் தூக்கம் முடிந்து இரவுத் தூக்கம் தொடங்க ஐந்து மணி நேரமாவது இடைவெளி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் பகல் தூக்கத்தை முன்னே நகர்த்துங்கள், அதுவும் போதவில்லை என்றால் சற்றுச் சுருக்குங்கள். முழுதாக நிறுத்துவதைக் கடைசியில் யோசிக்கலாம்.

பகலில் ஓடி விளையாடட்டும், முடிந்தால் வெளியில். காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாவற்றிலும் காஃபின் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு முதல் மூன்றும் தேவையே இல்லை, சாக்லேட்டை மாலைக்கு மேல் தள்ளிப்போடாமல் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

படி 5: ஒரு மணி நேரம் முன்பே வெளிச்சத்தைக் குறையுங்கள்

குழந்தைகளின் கண்ணுக்குள் வெளிச்சம் நம்மைவிடத் தாராளமாக நுழைகிறது. கண்பாவை பெரியது, லென்ஸ் தெளிவானது. அதே கொலராடோ குழுவினர் 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 3 முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் விளையாட வைத்தார்கள். மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்துபோனது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆகவே கூடத்து டியூப்லைட்டை முதலில் அணையுங்கள். மஞ்சள் நிறத்தில் மங்கலாக எரியும் சிறு விளக்கு ஒன்று போதும். குளியலறையின் வெள்ளை விளக்கு பலர் கண்ணில் படாத எதிரி. பல் தேய்க்கக் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் பளீரென்ற வெளிச்சத்தில் நிற்க வைத்துவிட்டு, அங்கிருந்து நேராகப் படுக்கைக்கு அழைத்துப் போவோம். பல் தேய்ப்பதைச் சற்று முன்னதாகவே முடித்துவிடலாம்.

மொபைலும் டிவியும் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். வெளிச்சம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் உள்ளே ஓடும் படம். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று இழுப்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதைப் பிடுங்கும்போது வரும் அழுகையோடு படுக்கைக்குப் போகும் குழந்தை, தணிவதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு இதமான நிறத்துக்கு மாற்றிவிட்டேன் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அணைத்துவிடுங்கள்.

படி 6: ஒரே வரிசை, எல்லா இரவும்

2009இல் வந்த ஓர் ஆய்வில் 405 தாய்மார்களும் அவர்களுடைய 7 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளும் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம் ஒவ்வொரு இரவும் குளியல், மெதுவாக உடம்பைத் தடவிவிடுதல், பாட்டு அல்லது கதை மாதிரி அமைதியான ஏதாவது, பிறகு விளக்கணைப்பு என்று ஒரே வரிசையைப் பின்பற்றினார்கள். குளியல் முடிந்து அரை மணிக்குள் விளக்கு அணைந்துவிடும். அந்தக் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் எழுவது குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது என்பதுதான் எனக்குப் பிடித்த முடிவு.

இதில் குளியல்தான் மந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெதுவெதுப்பான குளியல் தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, பிறகு உடலின் உள்வெப்பம் இறங்க உதவும், அந்த இறக்கம் தூக்கத்துக்குத் தோதானது. ஆனால் குளியலே ஆட்டமாகிவிடும் குழந்தைக்கு முகமும் கை காலும் கழுவிவிட்டால் போதும். முக்கியம் வரிசைதான். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்பதைச் சொல்லும் கடிகாரம் அது.

முப்பது, நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி சில வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைகளை எடுத்து வைப்பது, கழுவுவது, இரவு உடை, பல் தேய்ப்பது, ஒன்னுக்குப் போவது, கதை, ஒரு பாட்டு, விளக்கு. வரிசையைப் பார்த்தால், கூடத்தில் தொடங்கி ஒவ்வொன்றும் படுக்கையை நோக்கி நெருங்குவதாக இருக்க வேண்டும். கதை படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க மறுபடி சமையலறைக்குப் போனால் கட்டிய அமைதி கலைந்துவிடும். தண்ணீரைக் கட்டிலருகே முன்பே வைத்துவிடுங்கள்.

இரண்டரை வயதுக்கு மேல் இதை ஒரு தாளில் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். நீங்கள் "பல் தேய்" என்று சொன்னால் அது உங்கள் கட்டளை, எதிர்க்கத் தோன்றும். "படத்துல அடுத்து என்ன இருக்கு?" என்று கேட்டால் குழந்தையே ஓடிப்போய்ச் சொல்லும். தேர்வுகளையும் அள்ளிக் கொடுங்கள், ஆனால் இரண்டுக்குள். நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா? முயல் கதையா, ரயில் கதையா? தூங்கலாமா என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று பதில் வரும், கேட்டது நீங்கள்தான்.

கதை எத்தனை என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான். புதுக்கதை வேண்டுமென்பதில்லை. நூறு முறை கேட்ட கதையே இரவுக்கு நல்லது, அடுத்து என்ன என்ற பரபரப்பு அதில் இருக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டே, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். ராட்சசனுக்குக் குரல் கொடுக்கும் அப்பாக்கள் அந்தத் திறமையைப் பகலுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

அன்றைக்கு நடந்ததைப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குவது பேசத் தெரிந்த குழந்தைகளுக்கு நன்றாக உதவும். விளக்கு அணைந்த பிறகு "அம்மா, ஒரு விஷயம்" என்று தொடங்கும் பேச்சுக்குப் பல நேரம் காரணம், பகலில் அதைச் சொல்ல இடமே கிடைக்காததுதான்.

கடைசியாக, முடிவைக் காட்டும் ஒரு வாசகம். எல்லா இரவும் அதே சொற்கள். "தூங்கு செல்லம், காலைல பாக்கலாம்" என்பதே போதும். அதைச் சொன்ன பிறகு பேச்சு இல்லை.

படி 7: கடைசிப் பத்து நிமிடம்

இரவு முழுவதும் ஒரே தூக்கமாக யாரும் தூங்குவதில்லை. தூக்கம் சுற்றுச் சுற்றாக வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம், சிறு குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும், சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம். காலையில் நினைவுகூட இருக்காது.

மடியில் தூங்கிய குழந்தை இரவு ஒரு மணிக்கு அப்படி விழித்துப் பார்க்கும்போது மடி இல்லை. கூடத்தில் தூங்கிய நீங்கள் நடுராத்திரியில் மொட்டை மாடியில் விழித்தால் எப்படி இருக்கும்? கத்தத்தானே செய்வீர்கள். தூங்கும்போது எது இருந்ததோ அது விழிக்கும்போதும் இருக்க வேண்டும் என்று குழந்தை எதிர்பார்க்கிறது. ஆகையால் இரவில் பலமுறை எழும் சிக்கலுக்கும் மருந்து பெரும்பாலும் இரவின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டி, தட்டி, பக்கத்தில் படுத்துத் தூங்க வைப்பது தவறு இல்லை. உங்களுக்கும் குழந்தைக்கும் அது சரியாகப் போகிறது, எல்லோரும் தூங்குகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஒரே அறையில், ஒரே படுக்கையில் குடும்பமே தூங்கும் வீடுகளில் பெற்றோர் இரவு முழுக்க அங்கேயே இருப்பதால் இது சிக்கலாகவே தெரியாமல் போகலாம். மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு மட்டும் அடுத்த பகுதி.

மெல்ல விலகும் முறைதான் என் தேர்வு. குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது, ஆனால் தூங்கவில்லை. அந்த நிலையில் படுக்கையில் விடுங்கள். முதல் மூன்று நான்கு இரவு பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுங்கள். ஆட்டுவதும் தூக்குவதும் மட்டும் இல்லை. அடுத்த சில இரவுகள் தட்டாமல் கையை மட்டும் வைத்திருங்கள். அப்புறம் கையையும் எடுத்துவிட்டு, கட்டிலருகே நாற்காலியில். அப்புறம் நாற்காலி அறையின் நடுவில், பிறகு கதவருகே, பிறகு கதவுக்கு வெளியே. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நான்கு இரவு. நாற்காலியில் இருக்கும்போது கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், கேள்விகளுக்கு "தூங்குற நேரம்" என்ற ஒரே பதில். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மொபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் திரை வெளிச்சம் குழந்தையை இழுக்கும், ஆகவே அதுவும் வேண்டாம். சலிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு முறை, அறையைவிட்டு வெளியே வந்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவது. முதலில் இரண்டு நிமிடம், பிறகு நான்கு, பிறகு ஆறு என்று நீட்டிக்கொண்டு போவார்கள். சீக்கிரம் பலன் தரும், ஆனால் அழுகை அதிகம். இது குழந்தையின் மனதைப் பாதிக்காதா என்ற பயம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகளை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வு, இந்த முறையையும் படி 3இல் சொன்ன நேரம் நகர்த்தும் முறையையும் சோதித்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பெற்றோரிடம் உள்ள பிணைப்பிலோ நடத்தையிலோ மற்றக் குழந்தைகளோடு வேறுபாடு தெரியவில்லை. இருந்தாலும் உங்களால் அந்த அழுகையைத் தாங்க முடியாது என்றால் தொடங்காதீர்கள். மூன்று இரவு உறுதியாக இருந்துவிட்டு நான்காவது இரவு நாற்பது நிமிட அழுகைக்குப் பிறகு தூக்கிக்கொண்டால், நாற்பது நிமிடம் அழ வேண்டும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும்.

எந்த முறையானாலும் சில நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஓர் இரவு பழைய அழுகை இரண்டு மடங்காகத் திரும்பும். பழைய வழி இன்னும் வேலை செய்கிறதா என்று கடைசியாக ஒருமுறை சோதிக்கிறது, அவ்வளவுதான். அந்த இரவில் மாறாமல் இருந்தால் போதும்.

எழுந்து எழுந்து வரும் குழந்தைக்கு

கட்டிலைவிட்டு இறங்கத் தெரிந்த வயதில் இது வரும். முதல் வைத்தியம் சலிப்பூட்டுவது. ஒவ்வொரு முறையும் பேசாமல், திட்டாமல், சிரிக்காமல் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். திட்டும்கூட ஒருவகைக் கவனிப்புதான், அதற்காகவே இன்னொரு முறை எழுந்து வருவார்கள்.

3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அனுமதிச் சீட்டு முறை அழகாக வேலை செய்கிறது. 1999இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. ஓர் அட்டையில் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுங்கள், அதுவே வண்ணம் தீட்டி அலங்கரித்து வைத்துக்கொள்ளட்டும். விளக்கணைந்த பிறகு அந்த அட்டையைக் கொடுத்து ஒரே ஒரு முறை எதையாவது கேட்கலாம்: தண்ணீர், ஒரு முத்தம், ஒன்னுக்கு, எதுவானாலும் சரி. கேட்டதும் செய்துகொடுத்துவிட்டு அட்டையை வாங்கி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தேவைப்படலாம் என்று அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கிவிடும் குழந்தைகள் உண்டு. பயன்படுத்தாத அட்டைக்குக் காலையில் ஒரு ஸ்டிக்கர் கொடுக்கலாம்.

பயம் என்று சொன்னால்

இரண்டு, மூன்று வயதில் கற்பனை வளரத் தொடங்குகிறது. கட்டிலுக்கடியில் பூதமும் அப்போதுதான் குடிவரும். சிரித்து ஒதுக்கவும் வேண்டாம், கூடச் சேர்ந்து பூதத்தை விரட்டவும் வேண்டாம். தடியெடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேடினால் அங்கே ஏதோ இருக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். "பயமா இருக்கா, புரியுது. நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன்" என்பது போதும்.

இஸ்ரேலில் 4 முதல் 6 வயது வரையிலான 104 குழந்தைகளை வைத்து 2012இல் வந்த ஓர் ஆய்வில், இரவு பயப்படும் குழந்தைகளுக்கு ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கொடுத்தார்கள். சிலரிடம் இது உன்னைக் காப்பாற்றும் என்றார்கள், சிலரிடம் இது பாவம், இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இரண்டு வகையிலும் பயம் குறைந்தது. பொம்மையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். மங்கிய சிவப்பு அல்லது மஞ்சள் நிற விளக்கு ஒன்று எரியட்டும், கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும். தூங்கப் போக மாட்டேன் என்றால் பூச்சாண்டி வருவான் என்று மிரட்டும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு

இங்கே பாதுகாப்பு முதலில். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் இரவிலும். அழுத்தினால் பள்ளமாகாத, சமமான படுக்கை. தலையணை, கனத்த போர்வை, மெத்தென்ற பொம்மை எதுவும் உடன் வேண்டாம். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவது மிக ஆபத்து. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டால் முளைக்கும் பற்கள் சொத்தையாகும்.

முதல் நான்கு மாதத்தில் உடல் கடிகாரமே இன்னும் சரியாக உருவாகியிருக்காது, ஆகவே பழக்கப்படுத்தும் முறைகளுக்கு அது வயதல்ல. அழும் குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவது என்பதற்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022இல் ஒரு நல்ல வழியைக் காட்டியது. தூக்கி வைத்துக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் சீராக நடங்கள். தூங்கியதும் உடனே படுக்கையில் போடாமல், உட்கார்ந்து ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். தூக்கம் கொஞ்சம் ஆழமாகும். பிறகு படுக்க வைத்தால் விழித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. போட்டதும் முழித்துக்கொள்ளும் குழந்தை உள்ள வீட்டில் இந்தச் சில நிமிடக் காத்திருப்பு பெரிய வித்தியாசம் தரும்.

குழந்தை தூங்குவதற்காகச் சீரான இரைச்சல் எழுப்பும் கருவிகள் வைத்திருந்தால் கட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, ஒலியைக் குறைத்து வையுங்கள். 2014இல் 14 கருவிகளைச் சோதித்தபோது, முழு ஒலியில் வைத்தால் அவற்றில் மூன்று, 30 சென்டிமீட்டர் தூரத்தில் 85 டெசிபலைத் தாண்டின. அது பெரியவர்களின் தொழிற்சாலைக்கே அதிகம்.

மருந்தும் மருத்துவரும்

தூக்கம் வரட்டும் என்று இருமல் மருந்தோ, சளி மருந்தோ கொடுக்கக் கூடாது. மெலடோனின் மிட்டாய்களையும் மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். கனடாவில் கடைகளில் விற்கும் மெலடோனின் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவுகளில், அட்டையில் போட்டிருந்த அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு.

காய்ச்சல், பல் முளைப்பது, வெளியூர்ப் பயணம், தம்பி தங்கை பிறப்பது என்று பல காரணங்களால் நன்றாகத் தூங்கிய குழந்தையும் தடம் மாறும். உடம்பு சரியில்லாதபோது என்ன தேவையோ அதைச் செய்யுங்கள், தேறியதும் பழைய வரிசைக்குத் திரும்புங்கள். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், சில நிமிடத்தில் அடங்கிவிடும். கெட்ட கனவு அப்படியல்ல. அது பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும், குழந்தை விழித்து உங்களைத் தேடும், அணைத்தால் தணியும்.

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் மாற்றமே இல்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருக்கிறது என்றால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுவதற்குக் கீரைப்பூச்சி காரணமாக இருக்கலாம், எளிய மருந்தில் சரியாகும். தோல் அரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, இடையில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் தாமதிக்க வேண்டாம். டான்சில், மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். அந்தக் குறட்டையை மொபைலில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், பகலில் மருத்துவர் முன் குழந்தை குறட்டை விடப்போவதில்லை.